இரண்டாவது தடவை கேட்க ஓர் ஆள்

சலதிகாவில், மெர்பாபு மலையைப் பார்த்தபடி இருக்கும் அந்த முதியோர் இல்லத்துக்கு இபு சுகேசி நல்ல முழங்காலோடும் நல்ல மூளையோடும்தான் வந்து சேர்ந்தார். எழுபத்தாறு வயதில் இரண்டும் ஒருசேர வாய்ப்பது அபூர்வம். வந்து ஒரு மணி நேரத்துக்குள் இரண்டும் போய்விட்டன. யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. அவரே தம் வாயால், இனிமையாகச் சிரித்துக்கொண்டே, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

அந்த இல்லத்தை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒரு கம்பம். அங்கே இரண்டு வரிசைகள் உண்டு. தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்கிறவர்களுக்கு மல்லிகை வரிசை. மாடியும் கீழுமாக அறைகள், அறைக்கொரு சின்ன அடுப்பு, முற்றத்தில் பறவைக் கூண்டுகளைக் கயிற்றால் ஏற்றி இறக்க உயரமான கம்பங்கள். எல்லாவற்றுக்கும் துணை தேவைப்படுகிறவர்களுக்குச் செண்பக வரிசை. அங்கே தாழ்ந்த கட்டில், சுவரெல்லாம் கைப்பிடிக் கம்பி, மூன்று வேளையும் கஞ்சி. பறவைக்கு இடமில்லை. யாருக்கு எந்த வரிசை, என்ன சாப்பாடு, எவ்வளவு உதவி என்பதையெல்லாம் சேரும் நாளன்று நர்ஸ் உட்கார்ந்து பேசி, பார்த்து, முடிவு செய்வாள்.

சுகேசியின் பறவை என்பது கணவர் தர்மாஜி விட்டுப்போன வரிப்புறா. பெயர் டென் பாகுஸ். சின்ன எஜமான் என்று வைத்துக்கொள்ளலாம். விடிந்ததும் தர்மாஜி அதைக் கம்பத்தில் ஏற்றிவிட்டுக் கீழே காப்பியோடு உட்கார்ந்து, அது கூவுவதைக் கண்மூடிக் கேட்பார். "உங்க எஜமானுக்கு நான்தான் கம்பு ஊறவெக்கணுமா?" என்று சுகேசி பல வருடம் முணுமுணுத்திருக்கிறார். போன டிசம்பரில் தர்மாஜி இறந்தார். மறுநாள் காலை கம்பத்தில் கூண்டு ஏறியிருந்தது. ஏற்றியது சுகேசி. யாரும் சொல்லவில்லை.

தர்மாஜி எதையும் மூன்று தடவை கேட்பார்.

"டீ வேணுமா?"

"வேண்டாம்."

"கொஞ்சமா?"

"எதுக்கு உங்களுக்கு சிரமம்."

"போட்டாச்சு. குடி."

அவர்களுடைய முழுத் தாம்பத்தியமும் இப்படித்தான் நடந்தது. கல்யாணமே மூன்றாவது தடவை கேட்டபோது முடிவானதுதான். அவர் போன பிறகு அந்த வீட்டில் இரண்டாவது தடவை கேட்க ஆளில்லை. மகன் ஹெரு கடல் தாண்டி பாலிக்பாப்பானிலிருந்து போன் செய்வான். "அம்மா, கிளம்பி வரட்டுமா?" "எதுக்குப்பா, வேலை கெடும்." "சரிம்மா." அவ்வளவுதான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இத்தனை பேர் கூடியிருக்கிற இடத்தில் யாராவது ஒருவர் இரண்டாவது தடவை கேட்காமலா போவார் என்றுதான் சுகேசி இல்லத்துக்கே விண்ணப்பித்தார்.

கேள்வி கேட்க வந்த நர்ஸ் லம்ரியா, வேறொரு தீவில், தோபா ஏரிக்கரையிலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவள் ஊரில் நினைத்ததைச் சொல்வார்கள், சொன்னதை நம்புவார்கள். சத்தமாகவும் சொல்வார்கள். வரவேற்பறையில் இல்லத் தலைவர் பாக் ஹண்டோக்கோவும் ஹெருவும் உட்கார்ந்திருந்தார்கள். பாக் என்றால் ஐயா, இபு என்றால் அம்மா. சுகேசியின் முன்னால் தேநீரும், ஆவி பறக்கும் வாழைப்பழ பஜ்ஜியும்.

"இபு, நீங்களா நடப்பீங்களா?"

"நடையா! ஏதோ ஊர்ந்துக்கிட்டுக் கெடக்கேன் சிஸ்டர்."

தினமும் காலையில் மேட்டில் ஏறிச் சந்தைக்குப் போய்க் கூடையோடு திரும்புகிறவர் அவர்.

"சமைப்பீங்களா?"

"நான் வெக்கிறத நாக்கு இருக்கறவங்க சாப்பிட முடியுமா?"

சுற்று வட்டாரத்துக் கல்யாணங்களில் பாதி, அவருடைய பலாக்காய்க் கறிக்காகவே கூட்டம் சேர்ந்தவை.

"ஞாபகமெல்லாம் எப்பிடி இருக்கு?"

"தலைக்குள்ள இருக்கறது வெறும் களிமண்ணு."

முப்பது வருடம் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். எந்த வருடம் எந்த மாணவி எந்தக் கணக்கில் கோட்டைவிட்டாள் என்பதுவரை இன்றும் சொல்வார்.

அவர் ஒன்றும் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும். முதல் பந்தை இவர் போட்டாயிற்று. "என்ன இபு, உங்க பலாக்காய்க் கறியப் பத்தி ஊரே பேசுதே!" என்று எதிராளி திருப்பிப் போட வேண்டும். "அது ஏதோ கைப்பழக்கம்" என்று இவர் கொஞ்சம் இறங்கி வருவார். இன்னொரு தடவை கேட்டால் இன்னும் கொஞ்சம். மூன்றாவது சுற்றில் உண்மை, செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக உள்ளே வரும். சுகேசி பந்தைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். லம்ரியா ஒவ்வொரு பந்தையும் பத்திரமாகப் பிடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"கொஞ்சம் எழுந்து அந்தக் கதவுவரைக்கும் போய்க் காட்டுங்க."

கதவுக்கும் சுகேசிக்கும் நடுவில் பாக் ஹண்டோக்கோ உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருக்கிறவர் முன்னால் நிமிர்ந்து நடப்பது எவ்வளவு பெரிய அவமரியாதை! சுகேசி இடுப்பை வளைத்து, தலையைத் தாழ்த்தி, வலது கையைத் தரையை நோக்கி நீட்டி, ஓசையில்லாமல் கடந்து போனார். அவ்வளவு அழகாக வளைவதற்கு நல்ல முதுகெலும்பு வேண்டும். பாக் ஹண்டோக்கோ மனதுக்குள் மெச்சினார். லம்ரியா, 'முதுகு நிமிராது' என்று எழுதினாள். மெல்லிய குரலைக் கேட்டு, 'பேசத் தெம்பில்லை'. தொடாத பஜ்ஜியைப் பார்த்து, 'பசியே இல்லை'.

ஹெரு வாயே திறக்கவில்லை. அம்மா தன்னைத் தாழ்த்திப் பேசும்போது மகன் குறுக்கிட்டு "இல்ல, எங்கம்மா கெட்டிக்காரி" என்றால், அது மகன் தன்னையே மெச்சிக்கொள்கிற மாதிரி. பாக் ஹண்டோக்கோ புன்னகைத்துக்கொண்டே இருந்தார். இதோ, இப்போது இந்தப் பெண் இரண்டாவது தடவை கேட்பாள் என்று அவரும் காத்திருந்தார். விருந்தாளி முன்னால் சொந்த நர்ஸைத் திருத்துவதாவது!

கடைசியாக லம்ரியா கேட்டாள்: "உங்க புறாவ கூட வெச்சுக்கணுமா?"

சுகேசி காத்திருந்த கேள்வி. அதற்காகத்தான் வந்ததே.

"எதுக்கு சிஸ்டர், எல்லாருக்கும் தொந்தரவு," என்றார்.

அடுத்த கேள்விக்கான பதிலை வீட்டிலேயே தயார் செய்து வைத்திருந்தார்: 'ஏதோ ஒரு மூலையில இருந்துட்டுப் போகட்டும்னு நீங்க நெனச்சா...' அழகான வாக்கியம். அதைச் சொல்ல வாய் பாதி திறந்தபோது லம்ரியா பேனாவை மூடிவிட்டாள். அவள் கண்ணில் நீர் தளும்பியது. சுகேசியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"இபு, இனிமே நீங்க ஒரு விரலக்கூட அசைக்க வேணாம். நான் இருக்கேன்."

வெளியே தாழ்வாரத்தில் ஹெரு அம்மாவின் முகத்தையே பார்த்தான். "அம்மா, நெசமாவே இவ்வளவு முடியலையா? எங்கிட்ட ஏம்மா மறைச்சீங்க?" என்று அவனும் அழ ஆரம்பித்துவிட்டான். மறுநாள் விமானம் அவனுக்கு. புறாவை வாசல் கேட்டருகே காவலாளியின் கொட்டகைக்குப் பக்கத்திலிருந்த கம்பத்தில் ஏற்றச் சொல்லிவிட்டு, ஐந்து நாளுக்கொருமுறை கூடுகிற கிளிவோன் சந்தையில் பறவை விற்கும் ஒருவரைப் போனில் பிடித்து, அடுத்த சந்தையன்று வந்து எடுத்துப் போகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

செண்பக வரிசையில் சுகேசிக்குச் சக்கர நாற்காலி வந்தது. கழுத்தில் கட்டும் துண்டு வந்தது. கட்டிலடியில் பெரியவர்களுக்கான டயப்பர் பொட்டலம் ஒன்று அடக்கமாக உட்கார்ந்திருந்தது. சுகேசியும் அதுவும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பழகினார்கள். கஞ்சி ஊட்ட சுலிஸ் என்ற பணிப்பெண் வந்தாள். அந்த ஊர்க்காரி. முதல் கரண்டியிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"சிஸ்டர் எழுதினது..." என்று இழுத்தாள்.

"சிஸ்டர் ரொம்ப நல்ல பொண்ணு," என்றார் சுகேசி.

"ரொம்ப ரொம்ப நல்ல பொண்ணு இபு," என்றாள் சுலிஸ். அடுத்த கரண்டி வந்தது.

வேறு என்ன செய்வது? 'எனக்கு எல்லாம் முடியும்' என்று சொன்னால் அது பீற்றல். அதோடு, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அந்தப் பெண் எழுதியதைப் பொய்யாக்குவது. கையைப் பிடித்துக்கொண்டு அழுதவளை அப்படி அவமானப்படுத்த முடியுமா? ஜாடைமாடையாகத்தான் சொல்ல வேண்டும். சொன்னார்கள்.

சுகேசி சுலிஸிடம் சொன்னார்: "வாசல் கேட்டுகிட்ட இருக்கற கம்பம் கொஞ்சம் சாஞ்சிருக்கோ? எஜமானுக்கு எப்பவும் நேரா இருக்கணும்."

சுலிஸ் போய் பாக் ஹண்டோக்கோவிடம் சொன்னாள்: "பாக், இபு சுகேசிக்குக் கஞ்சி பிடிச்சிருக்கு... போல."

அந்தப் 'போல' ஒன்றே அவருக்குப் போதும். உடனே எழுந்து லம்ரியாவைத் தேடிப் போனார்.

"சிஸ்டர், இன்னிக்குக் காத்து நல்லா அடிக்குதில்ல? பறவைங்களுக்கு ஏத்த காத்து."

"ஆமா பாக்! நல்லவேளை சொன்னீங்க. செண்பக வரிசை ஜன்னலெல்லாம் சாத்திடறேன். இபு சுகேசிக்குச் சளி புடிச்சா தாங்க மாட்டாங்க."

பாக் ஹண்டோக்கோ வேர்த்துப்போனார். இதற்கு மேல் வெளிப்படையாகப் பேசினால் அது சண்டை. இருந்தாலும் துணிந்து இன்னொரு அடி வைத்தார். "அப்புறம்... கஞ்சி இன்னிக்கு ரொம்ப நல்லா இருந்துதுன்னு..."

"அப்பிடியா! அவங்களுக்கு இன்னொரு கிண்ணம் குடுக்கச் சொல்றேன்."

ஆக, மூன்று பேர் கூடிப் பாடுபட்டதில் ஜன்னல்கள் சாத்தப்பட்டன. கஞ்சி இரண்டு கிண்ணமாயிற்று.

மறுநாள் சுலிஸ் சுகேசியைச் சக்கர நாற்காலியோடு மல்லிகை வரிசைப் படிக்கட்டுக்குக் கீழே நிழலில் நிறுத்திவிட்டு, துண்டெடுக்கப் போயிருந்தாள். மாடியிலிருந்து ஏதோ இறங்கும் சத்தம். தொம். கொஞ்ச நேரம் கழித்து, தொம். அண்ணாந்து பார்த்தார். ஓர் ஆஜானுபாகு, படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார்.

"படிய பரிசோதிக்கிறேன்!" என்று அவர் அறிவித்தார், யாரும் கேட்காமலேயே. "ஒவ்வொண்ணும் கெட்டியா இருக்கான்னு யாராவது உக்காந்து பாக்கணும் இல்லையா?"

"ரொம்பப் பொறுப்பான காரியம் பாக்," என்றார் சுகேசி.

"நான் பின்சார் சிமானுங்காலித்! மேடான்லேர்ந்து ஜகார்த்தாவுக்கு பஸ் ஓட்டினவன். தூக்கம்னா என்னன்னு தெரியாது. காட்டுல புலி குறுக்க வரும். ஹார்ன் அடிப்பேன். மன்னிப்புக் கேட்டுட்டு ஒதுங்கிப் போகும்."

"மரியாதை தெரிஞ்ச புலி."

பின்சார் கடைசிப் படிக்கு வந்து, கண்ணைச் சுருக்கி அவரை உற்றுப் பார்த்தார். "உங்களுக்கு ஒண்ணுமே முடியாதுன்னில்ல லம்ரியா சொன்னா? ஸ்கூல் பெஞ்சுல உக்காந்த பொண்ணு மாதிரி கால ஆட்டிக்கிட்டு இருக்கீங்க!"

சுகேசி குனிந்து பார்த்தார். கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. பிடித்து நிறுத்தினார்.

"சாப்பிட்டீங்களா பாக்?"

"நானா! காலையில ஒரு முழு ஆட்ட..." என்று ஆரம்பித்தவரின் வயிறு, பஸ் மலையேறுகிற சத்தத்தில் உறுமியது. ஒற்றைப் புருவம் பொசுங்கிப் பாதிதான் இருந்ததைச் சுகேசி கவனித்தார். அடுப்புத் திருகு கண்ணுக்குத் தெரியாமல் குனிந்திருக்கிறார்.

"சாப்பிட்டீங்களா?" என்று இரண்டாவது தடவை கேட்டார்.

பின்சார் மலையைப் பார்த்தார். "பிஸ்கட்," என்றார். "நாலு நாளா."

"சிஸ்டர்கிட்ட சொல்லலாமே?"

"எப்பிடிச் சொல்றது? அவளுக்கு நான் தாய்மாமன்!"

நடந்தது இதுதான். கேள்வி கேட்க வந்த லம்ரியாவிடம் பின்சார் முதலில் குலம் கோத்திரம் விசாரித்தார். அவர்கள் ஊர் வழக்கம் அது. அவள் அம்மாவும் அதே சிமானுங்காலித் குலம் என்று தெரிந்ததும் பின்சார் அவளுக்கு துலாங், அதாவது தாய்மாமன் முறை ஆகிவிட்டார். துலாங் சொன்னதை மருமகள் சந்தேகப்படுவதா? "மாடி ஏறுவீங்களா துலாங்?" "உன்ன முதுகுல தூக்கிக்கிட்டு ஏறுவேன்!" "சரி துலாங்." மல்லிகை வரிசை, மாடி அறை, உதவி தேவையில்லை. முழங்கால் இரண்டும் போய் மூன்று வருடமாகியிருந்தது அந்த மனிதருக்கு.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் சுகேசி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எழுந்தார். பின்சார் கம்பியைப் பிடித்து, முனகி, சக்கர நாற்காலியில் சரிந்தார். துண்டோடு திரும்பி வந்த சுலிஸ், எல்லாவற்றுக்கும் துணை தேவைப்படுகிற இபு, எந்தத் துணையும் தேவைப்படாத பாக்கை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தாள். துண்டை நான்காக மடித்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள்.

அன்றிலிருந்து லம்ரியா மருந்தறையில் இருக்கும் நேரமெல்லாம் அவர்கள் ராஜ்யம். இரண்டு கிண்ணம் கஞ்சியும் பின்சார் வயிற்றுக்குப் போயிற்று. "இபுவுக்குப் பசி திரும்பிடுச்சு!" என்று லம்ரியா பூரித்தாள். பின்சாரின் மாடி அடுப்பில் சுகேசி சோயாக்கட்டித் தெம்பே பொரித்தார், மிளகாய்ச் சம்பல் அரைத்தார். விடிந்ததும் கேட்டுக்குப் போய்க் கூண்டைக் கம்பத்தில் ஏற்றினார். காவலாளி அப்போதெல்லாம் யாரையோ எதிர்பார்ப்பதுபோல ரோட்டையே பார்ப்பான். இல்லத்தில் எல்லோரும் பார்த்தார்கள், யாரும் பார்க்கவில்லை. எதிரே வருகிறவர்கள், "உலாவப் போறீங்களா இபு?" என்று தள்ளுகிறவரிடமும், "பரிசோதனையா பாக்?" என்று உட்கார்ந்திருக்கிறவரிடமும் கேட்டுவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். சரிவில் பின்சார் கையை வாயில் குவித்து ஹார்ன் அடித்தார். சுகேசி டிசம்பருக்குப் பிறகு முதல் தடவையாக, வயிறு வலிக்கச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் கிளிவோன் நினைவு வரும்.

"நான் வேணா லம்ரியாகிட்ட சொல்லட்டுமா?" என்றார் பின்சார்.

"சொன்னா உங்க முழங்கால் கதையும் வெளிய வரும்."

பின்சார் முழங்காலைத் தடவினார். "அப்ப நீங்களே சொல்லிடுங்க. வேணும்னு. ஒத்த வார்த்தை. எங்க ஊர்ல கொழந்த பொறந்த உடனே சொல்றது அதத்தான். எங்க, சொல்லுங்க. வேணும்!"

சுகேசி நாற்காலியைத் தள்ளுவதை நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். "அப்பிடி ஒண்ணும் தேவையில்லேன்னு இல்ல."

"இது வேணுமா, வேணாமா? சத்தமா!"

"கெடைச்சா... வருத்தப்பட மாட்டேன்."

"அட கடவுளே. பஸ்ஸ ஸ்டார்ட் பண்ணுங்கன்னா இப்பிடிக் கதவத் தொடச்சிக்கிட்டு நிக்கறீங்களே!"

சந்தை நாளுக்கு முந்தைய மாலைவரை பயிற்சி நடந்தது. 'வேண்டாம்னு சொல்ல மாட்டேன்' என்பதற்கு மேல் ஓரங்குலம்கூட அவரால் போக முடியவில்லை.

கிளிவோன் அன்று காலையிலேயே சந்தை ஆள் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். லம்ரியாவுக்கு இளகிய மனசு. இபு தன் பறவைக்கு விடைகொடுக்க வேண்டும் என்று, கழுத்துத் துண்டோடு அவரை மல்லிகை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். முந்தின நாளே பாக் ஹண்டோக்கோ, காற்றுக்கு நல்லது என்று ஜாடையாகச் சொல்லிக் கூண்டை அங்கிருந்த கம்பத்துக்கு மாற்றியிருந்தார். அவரால் முடிந்தது அவ்வளவு. எல்லோரும் தற்செயலாக வந்தவர்கள்போலக் கூடியிருந்தார்கள். பின்சார் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"நானே இறக்கறேன்," என்று லம்ரியா கயிற்றின் முடிச்சை அவிழ்த்தாள். கூண்டு மேலேயிருந்து கல்மாதிரி வந்தது. பாய்ந்து பிடித்துவிட்டாள், பாவம். ஆனால் கதவு திறந்துகொண்டது. டென் பாகுஸ் வெளியே வந்து, அவள் தலைமேல் ஏறி நின்று இரண்டடி நடந்து பார்த்து, படபடவென்று அடித்துக்கொண்டு போய் மாடித் தாழ்வாரத்தின் கூரை விளிம்பில் உட்கார்ந்தது. பின்சாரின் அறைக்கு நேர் எதிரே.

"போச்சு," என்றார் சந்தை ஆள்.

"துலாங்!" என்று கத்தினாள் லம்ரியா. "உங்க ரூம்கிட்டதான்! ஓடிப் புடிங்க!"

"இதோ... ஒரே தாவு," என்று பின்சார் கம்பியைப் பிடித்துப் பாதி எழுந்தார். உட்கார்ந்தார். "ஒரே தாவுதான்." மறுபடி பாதி. மறுபடி உட்கார்ந்தார். லம்ரியா கொஞ்சமும் சந்தேகமில்லாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

புறா கழுத்தைத் திருப்பி மலையைப் பார்த்தது.

எப்போது எழுந்தோம் என்று சுகேசிக்குப் பிற்பாடும் சொல்லத் தெரியவில்லை. "சித்த குடும்மா" என்று லம்ரியாவின் கையிலிருந்து கூண்டை வாங்கினார். இடுப்பில் கட்டியிருந்த பாத்திக் துணியை முழங்காலுக்கு மேல் வழித்துச் செருகினார். படியில் பின்சார் உட்கார்ந்திருக்கிறாரே! அந்த அவசரத்திலும் இடுப்பை வளைத்து, வலது கையைத் தாழ நீட்டி, மரியாதையாக அவரைக் கடந்து, அதற்கப்புறம் நிமிர்ந்து இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். தாழ்வாரத்தில் கிடந்த முக்காலியை இழுத்துப்போட்டு மேலே நின்றார். திறந்த கூண்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி நிறுத்தினார். தர்மாஜி செய்வதுபோல நாக்கைச் சொடுக்கினார்.

டென் பாகுஸ் யோசித்தது. அது எப்போதுமே அவசரப்பட்டதில்லை. கூண்டு ஆடவில்லை. கழுத்துத் துண்டு மட்டும் காற்றில் கொடிபோலப் பறந்தது.

அப்புறம் சுகேசிக்குப் பொறுமை போயிற்று. முப்பது வருடம் கடைசி பெஞ்சுவரை போய்ச் சேர்ந்த குரல் ஒன்று வெளியே வந்தது.

"டென் பாகுஸ்! உள்ள!"

முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். இரண்டு பேர் பழக்கதோஷத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். சந்தை ஆள் சிகரெட்டை அணைத்துப் பின்னால் ஒளித்தார். புறா கூண்டுக்குள் போயிற்று.

சுகேசி இறங்கி வந்தபோது எல்லோரும் செடிகொடிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அவர் முகம் சிவந்திருந்தது.

"மன்னிக்கணும் சிஸ்டர். ஏதோ தப்பு நடந்துபோச்சு."

"தப்பா!" என்றாள் லம்ரியா. "ரெண்டு ரெண்டு படியா ஏறினீங்க இபு! ஊர்ந்துக்கிட்டுக் கெடக்கேன்னு சொன்னீங்களே! துலாங், நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"நான் கிளம்பிட்டேன். அவங்க முந்திக்கிட்டாங்க."

"எழுந்திருங்க."

"படி ஒண்ணு லூசா..."

"துலாங். எழுந்திருங்க."

பின்சார் அவளை அண்ணாந்து பார்த்தார். "கையக் குடும்மா," என்றார். ஹார்ன் இல்லாத குரல். அவள் கொடுத்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டும் அவரால் எழ முடியவில்லை. அவளும் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் முழங்காலை அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அப்ப இத்தன நாளா ரெண்டு கிண்ணம் கஞ்சி குடிச்சது யாரு?"

"நான்தான்," என்றார் பின்சார். "உப்பு கம்மி."

லம்ரியாவுக்கு முதலில் அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று சுலிஸுக்கும் சமையல்காரிக்கும் இன்றுவரை வாக்குவாதம் உண்டு. தோபா ஏரியின் அக்கரைவரை கேட்கும்படி சிரித்தாள் என்பது மட்டும் நிச்சயம். பாக் ஹண்டோக்கோகூடப் பல் தெரியச் சிரித்தார். பார்த்தவர்கள் உண்டு.

"சிஸ்டர், எங்க ஊர்ல மொத தடவ கேக்கறது சும்மா வணக்கம் சொல்ற மாதிரி," என்றாள் சுலிஸ். "கேள்வி ரெண்டாவதுலதான் ஆரம்பிக்கும்."

"இத ஏன் யாருமே எங்கிட்ட சொல்லல? கஞ்சி சரியா இருக்கா, வேற ஏதாவது குறை உண்டான்னு உன்னக் கேட்டேனே!"

"ஒரு தடவதானே கேட்டீங்க."

அப்போதே, வரவேற்பறையில், அதே நாற்காலிகளில் மறுபடி உட்கார்ந்தார்கள். தேநீர் வந்தது, வாழைப்பழ பஜ்ஜி வந்தது. சந்தை ஆள் வாசலில் வண்டியருகே காத்திருந்தார். லம்ரியா இம்முறை புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தாள். சுகேசியைப் பற்றிப் பின்சாரிடம் கேட்டாள்; பின்சாரைப் பற்றிச் சுகேசியிடம்.

"இந்தம்மாவா? மெர்பாபு மலைய இடுப்புல வெச்சுக்கிட்டு ஜகார்த்தாவுக்கு நடப்பாங்க!" என்றார் பின்சார். லம்ரியா அதில் பாதியைக் கழித்துக்கொண்டு எழுதினாள்.

சுகேசி விரல்களைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "பாக் மேல படியெல்லாம் பரிசோதிச்சு முடிச்சிட்டாரு. கீழ செண்பக வரிசையிலதான் மேற்பார்வைக்கு ஆளே இல்ல. வண்டி ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தர் அந்த நாற்காலிய எடுத்துக்கிட்டா எல்லாருக்கும் தைரியமா இருக்கும். கண்ணுக்கு மட்டும் டாக்டர் ஒரு தடவ பாத்துட்டா, ஓட்டறவருக்கு நல்லது. மத்தியானம் கஞ்சி வேண்டாம். மேலேர்ந்து நான் ஏதாவது அனுப்பறேன்."

பின்சார் தாடையைச் சொறிந்தார். "வண்டிக்கு ஹார்ன் உண்டா?"

"வாங்கிடலாம் துலாங்," என்றாள் லம்ரியா. எழுதினாள். பிறகு சுகேசியின் பக்கம் திரும்பினாள்.

"இபு. புறாவ கூட வெச்சுக்கணுமா?"

"எதுக்கு சிஸ்டர்," என்று சுகேசியின் வாய் தானாகவே சொல்லிற்று, "எல்லாருக்கும் தொந்தரவு."

வாசலில் மோட்டார் சைக்கிளை உதைக்கிற சத்தம் கேட்டது. லம்ரியா பேனாவைக் கீழே வைத்தாள். ஒரு பஜ்ஜியை எடுத்து, அவசரமில்லாமல் தின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் பின்சார் சத்தமில்லாமல் வாயைக் குவித்தும் விரித்தும் அந்த ஒற்றை வார்த்தையைச் செய்து காட்டினார். லம்ரியா விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"இபு சுகேசி," என்றாள். "புறா உங்களுக்கு..."

இரண்டாவது தடவையும் மறுக்க வேண்டும். அதுதான் முறை. மூன்றாவதில்தான் சம்மதம். சுகேசிக்கு அது தெரியும். ஆனால் இரண்டாவது தடவை ஒருவர் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று!

"வேணும்!"

கேள்வி முடிவதற்குள் வந்துவிட்டது, அதே கணக்கு டீச்சர் குரலில். வாசலில் மோட்டார் சைக்கிள் அணைந்தது. பாக் ஹண்டோக்கோ கூச்சத்தில் கூரையைப் பார்த்தார். சுகேசி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். இனி போன மானம் போனதுதான் என்று தோன்றியிருக்க வேண்டும். கையை எடுத்தார்.

"கம்பம் கிழக்குப் பக்கமா வேணும். எஜமான் வெயிலப் பாத்துதான் கூவுவாரு. அந்தப் பொட்டலத்த கட்டிலடியிலேர்ந்து எடுத்துடணும். அப்புறம்..." தட்டைப் பார்த்தார். "பஜ்ஜியும் வேணும். அன்னிக்கே வேணும்னுதான் இருந்துது."

லம்ரியா தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். தட்டு காலியாக இருந்தது.

எல்லோரும் பின்சாரைப் பார்த்தார்கள். கடைசித் துண்டு அவர் கன்னத்தில் ஒதுங்கியிருந்தது.

"ருசியா இருக்கான்னு பரிசோதிச்சேன்," என்றார்.